இரட்டைப் பதிவும் ஏட்டுக் காவலும்

ஒரு பெயரை ஏட்டில் எழுதப் புகுமுன், அப்பெயர் முன்னரே அங்கு எழுதப்பட்டுள்ளதா என்று பார்ப்பது எழுதுவோன் கடமைகளுள் முதலாவது. இன்று அவ்வேலையைப் பெரும்பாலும் கணினியே செய்கின்றது. பரீட்சைக்கோ வேலைக்கோ இணையப் படிவமொன்றை நிரப்பி அனுப்பும் மாணவனுக்கு, 'இவ்வெண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்னும் மறுமொழி வந்து அவன் திகைத்து நிற்பதுண்டு. எண் அவனுடையதே; அவன் முன்னர்ப் பதிந்ததுமில்லை. அங்ஙனமாயின் அவனிடத்தில் அமர்ந்திருப்பவர் யார்? அதனை அவன் யாரிடம் சென்று முறையிடுவது?

இவ்வினா கணினியோடு பிறந்ததன்று. களனியாற்றின் இருகரை ஊர்களிலும் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஏடெழுதியோர் இதனை எதிர்நோக்கினர்; அவர்க்குப்பின் காணி உறுதிகளைப் பதிந்த ஆங்கிலேய ஆட்சியினரும் எதிர்நோக்கினர். அவர்கள் கண்ட வழிகளையும் வழுவிய இடங்களையும் தொடர்ந்து நோக்கின், இன்றைய தரவுத்தளம் எதனைத் தீர்த்தது, எதனைத் தீர்க்காது விட்டது என்பது தெளிவாகும்.

முதற்கண் ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளை எடுத்துக்கொள்வோம். தோம்பு என்பது போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. இலிசுபனிலுள்ள அந்நாட்டின் பழைய சுவடிக்கூடமும் அச்சொல்லாலேயே வழங்கப்பெறுகின்றது. போர்த்துக்கேயர் வருமுன்னரே சிங்கள அரசர் ஆட்சியில் 'லேகம்மிட்டி' என்னும் ஓலைப்பதிவுகள் இருந்தன. எந்நிலத்தை எவர் ஆள்கின்றனர், அதற்காக அரசர்க்குச் செய்யவேண்டிய ஊழியம் யாது என்பவற்றை அவை காட்டின. அவற்றைத் துணைக்கொண்டே 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் தம் தோம்புகளை எழுதினர். பின்வந்த ஒல்லாந்தர் 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கொழும்புத் திசாவணியில் விரிவான பதிவொன்றை மேற்கொண்டனர். 1760 ஆம் ஆண்டில் எழுந்த கிளர்ச்சியிலும் அதனைத் தொடர்ந்து கண்டியரசோடு மூண்ட போரிலும் அவ்வேடுகள் பல அழிந்தன. 1766 இல் உடன்படிக்கை ஏற்பட்டபின், இமாம் வில்லம் பல்க் தேசாதிபதியாயிருந்த காலத்தில், பதிவு மீண்டும் தொடங்கிற்று. 1771 அளவில் முடிவுற்றது. களனியாற்றின் வடகரையிலுள்ள சியனைக் கோரளையும் தென்கரையிலுள்ள ஹேவாகம் கோரளையும் இதனுள் அடங்கின. எஞ்சிய ஏடுகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பேணப்பட்டு வருகின்றன.

இப்பதிவில் எமக்கு வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒல்லாந்தர் ஒரே ஏட்டில் எல்லாவற்றையும் எழுதினாரல்லர். ஆட்களைக் குடும்பம் குடும்பமாக எழுதும் தலைத்தோம்பு ஒன்று. தோட்டம், வயல், மரங்கள் ஆகியவற்றைத் துண்டு துண்டாக எழுதும் காணித்தோம்பு மற்றொன்று. பாடசாலை ஆசிரியர் எழுதிவந்த ஞானஸ்நானம், விவாகம் முதலியவற்றின் பதிவாகிய பாடசாலைத் தோம்பு இவற்றின் வேறானது. ஆளுக்கு ஓரேடும் காணிக்கு ஓரேடும் வேண்டியதன் காரணம் எளிது. ஒருவன் ஓரூரில் வாழ்ந்து மூன்று ஊர்களிற் காணி ஆளக்கூடும். காணி தோறும் அவனை எழுதி, அவ்வெழுத்துக்களைக் கூட்டி ஊழியத்துக்கு ஆள் எண்ணினால், ஒருவன் மூவராவான். ஆளை ஓரிடத்தில் ஒருமுறை எழுதி, ஏனைய இடங்களில் அவனைச் சுட்டினாற் போதும். இன்று தரவுத்தளம் அமைக்கக் கற்கும் மாணவர்க்கு முதல் வகுப்பிற் சொல்லப்படும் விதியும் இதுவே.

விதி நன்று, ஆயின் ஆளை எப்படிச் சுட்டுவது? ஞானஸ்நானத்தோடு வந்த பெயர்கள் கரையோர நாட்டில் எண்ணிக்கையிற் சிலவே. பெரேரா, சில்வா, பெர்னாந்து என்னும் பெயர்களை ஊர்தோறும் காணலாம். சிங்கள மரபில் ஆளின் பெயர்க்கு முன்வரும் 'கே' என்னும் குடிப்பெயரே இங்குக் கைகொடுத்தது. குடிப்பெயர், ஆட்பெயர், ஊர் ஆகிய மூன்றும் சேர்ந்தபோது ஒருவன் ஒருவனாயினான். இவற்றுள் ஒன்று தனித்து நின்றால் அவன் பலராவான், அல்லது பலருள் மறைவான்.

இம்முறை நம்மவர்க்குப் புதியதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் 29 ஆம் ஆட்சியாண்டை ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டொன்று, கோயிலுக்கெனப் பல ஊர்களிலிருந்து கொணர்ந்து குடியேற்றப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைப் பெயர் பெயராகக் கூறுகின்றது. ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல். நானூற்றுவரிற் பலர்க்குப் பெயர் ஒன்றே. பெயரை மட்டும் பார்த்துப் படியளந்தால் ஒருத்தி இருமுறை பெறவும் மற்றொருத்தி வெறுங்கையோடு மீளவும் கூடும். ஆதலின் கல்வெட்டு எழுதினோர், எத்தெரு, எச்சிறகு, எத்தனையாம் வீடு, எவ்வூர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்பனவற்றை ஒவ்வொரு பெயரோடும் பொறித்தனர். வீட்டிலக்கம் என்பது அஞ்சற்காரனுக்காகத் தோன்றியதென்று நினைப்போர் இக்கல்வெட்டை ஒருமுறை படித்தல் நலம்.

ஆட்களைப்பற்றி இம்மட்டில் நிறுத்திக் காணிக்கு வருவோம். இரட்டைப் பதிவின் கேட்டைக் காணி உறுதிகளைப் போல வெளிப்படக் காட்டுவது வேறொன்றில்லை. ஒருவன் தன் தோட்டத்தைத் திங்கட்கிழமை ஒருவர்க்கு விற்று, புதன்கிழமை அதனையே மற்றொருவர்க்கு விற்கின்றான். இருவர் கையிலும் நொத்தாரிசு எழுதிய உறுதி உண்டு. இருவரும் பணம் கொடுத்தவர். 1863 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமும், அதன் வழியில் 1891 இலும் 1927 இலும் வந்த சட்டங்களும் இதற்குக் கண்ட தீர்வு கூர்மையானது. முதலில் எழுதப்பட்ட உறுதி எது என்பதனை விடுத்து, முதலிற் பதியப்பட்ட உறுதி எது என்பதனையே அவை வினவின. பெறுமதி கொடுத்து வாங்கியவனது உறுதி முன்னர்ப் பதியப்பட்டால், அதற்கு மூத்த உறுதியும் பதியப்படாதிருந்தமையால் அதன்முன் வலுவிழக்கும். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச்சட்டத்தின் 7 ஆம் பிரிவு இதனைக் கூறி, பிந்திய உறுதியைப் பெற்றதிலோ பதிவை முந்திக்கொண்டதிலோ மோசடியோ கூட்டுச்சதியோ இருப்பின் அம்முதன்மை கெடும் என்றும் கூறுகின்றது.

இத்தீர்வின் நுட்பத்தைச் சற்றே நின்று நோக்குதல் தகும். வாங்குவோன் காணிப் பதிவகத்துக்குச் சென்று ஏட்டைப் புரட்டி, 'வேறு உறுதி இல்லை' என்று கண்டு திரும்புவது நல்ல வழக்கமே. ஆயின் அவன் ஏட்டைப் பார்த்த வேளைக்கும் தன் உறுதியைப் பதிவுக்குக் கொடுக்கும் வேளைக்கும் இடையே ஒருநாளோ ஒருமாதமோ செல்லும். அவ்விடைவெளியில் மற்றொருவன் உறுதி உள்ளே புகலாம். 'பார்த்தபோது இல்லை' என்பது காப்பாகாது. காப்பாவது, பதிவாளர் ஒருவரே, உறுதிகளைப் பெற்ற ஒழுங்கில் நாளேட்டில் இலக்கமிட்டு ஏற்றிக்கொள்வதாகும். எத்தனை பேர் வாயிலில் நெருங்கினும் நாளேட்டில் ஒருவர்க்குப்பின் ஒருவராகவே நிற்கவேண்டும். சமகாலத்தில் நிகழ்வன ஏட்டில் ஏறும்போது வரிசையாகின்றன.

இருந்தும் இம்முறையில் ஓட்டையொன்று இருந்தது. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஒரு காணியைப்பற்றிய உறுதிகள் யாவும், அக்காணி பற்றி முதலிற் பதிந்த உறுதி எத்தாளில் உள்ளதோ அத்தாளிலோ அதன் தொடர்ச்சியிலோ பதியப்படல் வேண்டும் என்று 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு விதித்தது. ஆயின் அத்தாளைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? காணிக்கு இலக்கமில்லை, பெயரும் நான்கெல்லையுமே உண்டு. கொழும்பைச் சூழ்ந்த ஊர்களிற் காணிப்பெயர்கள் பெரும்பாலும் மரப்பெயர்கள். கொஸ்கஹவத்தை, தெல்கஹவத்தை என்னும் பெயர்களில் ஒரே ஊரிற் பல தோட்டங்கள் உண்டு. எல்லைகளோ அயற்காணிக்காரர் பெயரால் எழுதப்படுவன. அயலவர் இறந்து பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ள, கிழக்கெல்லையின் பெயர் மாறிவிடும். அதனாற் பாட்டன் காலத்து உறுதியிலுள்ள காணியும் பேரன் காலத்து உறுதியிலுள்ள காணியும் ஒன்றேயென்று எழுதுவினைஞர் அறியார், புதுத்தாள் திறப்பார். அக்கணமே ஒரு காணி ஏட்டில் இரண்டாகின்றது. பின்வருவோன் ஒருதாளைப் பார்த்து 'வில்லங்கமில்லை' என்பான். வில்லங்கம் மற்றத் தாளில் இருக்கும். பிழையான தாளிற் பதிந்த உறுதி முறையாகப் பதியப்பட்டதாகுமா என்னும் கேள்வி இலங்கை நீதிமன்றங்களில் எழுப்பப்பட்டு வந்தமைக்குக் காரணம் இதுவே. 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச்சட்டம், உறுதியைப் பதிவதைவிட்டு, அளந்து படமாக்கிய காணித்துண்டுக்கு இலக்கமிட்டு அதன் உரித்தைப் பதியும் முறையைக் கொணர்ந்தது. பெயரைவிட்டு இலக்கத்தைப் பற்றுவதே அதன் உட்பொருள்.

காணிக்கு இலக்கமிடுவதற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே ஆட்களுக்கு இலக்கமிடச் சட்டம் செய்தாயிற்று. 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. அதற்கும் முன்னர், 1931 இற் சர்வசன வாக்குரிமை வந்த நாட்டில், ஒருவர் இருமுறை வாக்களியாதபடி காத்தற்குப் பிற்காலத்திற் கையாண்ட வழி வேடிக்கையானது: இடாப்பை நம்பாது விரலில் மை பூசினர். ஏடு ஆளை அறியாதபோது ஆளையே ஏடாக்கிக்கொள்ளும் முறை அது. 1877 அளவில் வங்காளத்து ஊக்ளியில் வில்லியம் ஏர்ச்செல் என்னும் ஆங்கில அதிகாரி, இறந்தோர் பெயரால் ஓய்வூதியம் பெறுவோரைத் தடுக்க விரலடையாளம் பெற்றதும் அவ்வகையினதே. இந்தியாவில் 2010 முதல் வழங்கப்படும் ஆதார் எண்ணுக்கு, விண்ணப்பிப்போரின் விரலையும் கண்மணியையும் முன்னர்ப் பதிந்தோர் அனைவருடனும் ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் பேருருவம்.

நம் நாட்டு அடையாள எண்ணின் அமைப்பு மாணவர் அறியத்தக்கது. பழைய எண்ணில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. முதல் இரண்டும் பிறந்த ஆண்டின் இறுதி இலக்கங்கள். அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எவ்வாண்டிலும் 29 நாள் என்றே கணக்கிடுவர். எனவே மார்ச்சு 1 ஆம் நாள் பிறந்த ஆணுக்கு 061 உம் பெண்ணுக்கு 561 உம் வரும். அதன்பின் அந்நாளிற் பிறந்தோரின் வரிசையெண். ஈற்றில் ஏனைய இலக்கங்களிலிருந்து கணித்தெடுத்த சோதனை இலக்கம். ஓரிலக்கத்தைப் பிழையாக எழுதினால் இச்சோதனை இலக்கம் பொருந்தாது காட்டிக்கொடுக்கும்.

இவ்வமைப்பிலே காலத்தாற் கேடு ஒன்று ஒளிந்திருந்தது. ஆண்டுக்கு இரண்டிலக்கமே உண்டாதலால், 1916 இற் பிறந்தவர்க்கும் 2016 இற் பிறந்தவர்க்கும் முதல் ஐந்திலக்கமும் ஒன்றாதல் கூடும். 2016 முதல் வழங்கப்படும் புதிய எண் பன்னிரண்டு இலக்கமுடையது: ஆண்டுக்கு நான்கு, நாளுக்கு மூன்று, வரிசைக்கு நான்கு, சோதனைக்கு ஒன்று, எழுத்து இல்லை. பழைய எண்ணைப் புதியதாக்க, முன்னே 19 சேர்த்து, வரிசையெண்ணின்முன் ஒரு சுழியம் இட்டு, ஈற்றெழுத்தை நீக்கினாற் போதும்.

இணையப் படிவங்கள் இடறும் இடம் இதுவாகும். ஒருவர் முதலிற் பழைய எண்ணாற் பதிகின்றார். சில ஆண்டு கழித்துப் புது அட்டை பெற்றுப் புதிய எண்ணாற் பதிகின்றார். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு இவை இரண்டும் வெவ்வேறு. ஒருவர் இருவராகி, உதவித்தொகைப் பட்டியலில் இருமுறையும் இடம்பெறலாம். ஈற்றெழுத்தை ஒருமுறை பெரிய எழுத்திலும் மறுமுறை சிறிய எழுத்திலும் தட்டினாலும், முன்னே ஓர் இடைவெளி விழுந்தாலும் இதுவே நேரலாம். ஆகவே ஒப்பிடுமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொணர்தல் இன்றியமையாதது. காணிப் பதிவகத்து எழுதுவினைஞர்க்கு அது இயலவில்லை. கணினிக்கு இது சில வரி வேலை. இவ்வெளிய வேலையைச் செய்யாது விட்ட படிவங்களைக் காணும்போது சினமே உண்டாகின்றது.

வடிவை ஒன்றாக்கியபின் எஞ்சுவது, இருக்கின்றதா என்று பார்ப்பதும் எழுதுவதும் பற்றிய பழைய சிக்கல். வெள்ளவத்தையில் ஒருவரும் கொட்டாஞ்சேனையில் ஒருவரும் ஒரே பயனர்பெயரை ஒரே நொடியிற் கேட்கின்றனர் என்க. படிவம் இருவர்க்காகவும் தரவுத்தளத்தை வினவுகின்றது. இருவர்க்கும் 'இல்லை' என்னும் விடையே வருகின்றது. அப்போது அது உண்மை. பின்னர் இருவரும் எழுதப்படுகின்றனர். எவர் பிழையும் இன்றி இரட்டை பிறந்துவிட்டது. இணைப்பு மந்தமாயிருக்கையில் ஒருவரே பொறுமையிழந்து பொத்தானை இருமுறை அழுத்துவதும் இவ்வகையே. நடைமுறையில் மிகுதியாக நிகழ்வதும் அதுவே. மாலைக்குள் கட்டணம் இருமுறை கழிந்திருக்கும்.

மருந்து 1863 இன் மருந்தே. எட்கர் கொட் என்பார் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்தபோது 1970 இல் வெளியிட்ட கட்டுரையில், தரவை அட்டவணைகளாக வகுத்து, ஒவ்வொரு வரியையும் தனித்தறியத்தக்க முதன்மைத் திறவு ஒன்று வேண்டும் என்றார். அவர்வழி வந்த தரவுத்தளங்களில், இந்நிரலில் ஒரு பெறுமானம் ஒருமுறையே வரலாம் என்று விதித்துவிடலாம். அவ்விதியைக் காப்பது படிவமன்று, ஏடே. இருவர் ஒருங்கே எழுத வந்தால் ஏடு ஒருவரை ஏற்று மற்றவரை மறுக்கும். படிவம் அம்மறுப்பைப் பெற்று, மறுக்கப்பட்டவர்க்குப் பணிவான சொல்லிற் சொல்லவேண்டும். முன்கூட்டிப் பார்த்துச் சொல்வது மரியாதை. ஏட்டின் விதியே காவல். மரியாதையை வைத்துக்கொண்டு காவலை நீக்கிய தரவுத்தளங்கள் பல உண்டு; அவற்றில் இரட்டைகள் மெல்லச் சேர்ந்து, ஆண்டு இறுதியிற் கணக்குப் பிசகும்போதே வெளிப்படும்.

பத்து இலட்சம் பெயர்களில் ஒன்றை நொடிக்குள் எப்படித் தேடுகின்றது என்று மாணவர் வினவக்கூடும். பேயரும் மக்கிறைற்றும் 1970 ஐ ஒட்டி வகுத்த மரவடிவச் சுட்டி அதற்குப் பயன்படுகின்றது. அகராதியிற் சொல் தேடும் முறைதான்: ஒவ்வொரு படியிலும் நூறு கிளையாகப் பிரித்தால் மூன்று படியிற் பத்து இலட்சத்தை அடையலாம். புதுப் பெயர் வரும்போது அது நிற்கவேண்டிய இடம் ஒன்றே. அவ்விடத்தில் ஏற்கெனவே ஆள் இருப்பின் உடனே தெரிந்துவிடும். காணிப் பதிவகத்தில் இல்லாதிருந்தது இவ்வொற்றை இடமே.

ஈண்டு தமிழ்க்கே உரிய இடரொன்றைக் கூறாது விடலாகாது. கணினி எழுத்தைப் பார்ப்பதில்லை, எழுத்தின் குறியெண்ணையே பார்க்கின்றது. யூனிக்கோட்டில் 'கொ' என்பதை இருவகையாக எழுதலாம்: ககரத்தின்பின் ஒகரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒன்று, எகரக் குறியையும் கால்குறியையும் தனித்தனியே இடுவது மற்றொன்று. கண்ணுக்கு வேற்றுமை இல்லை. கணினிக்கு இவை இரு சொற்கள். இவற்றை ஒன்றாக்கும் முறையை யூனிக்கோட் தரமே வகுத்துள்ளது. படிவம் செய்வோர் அதனைக் கையாண்டாற் போதும். 'கௌ' என்பதில் இடர் இன்னும் ஆழம். ஔகாரக் குறியின் பிற்பகுதி ளகரத்தைப் போலவே தோன்றுவதால், பலர் எகரக் குறியும் ளகரமுமாகத் தட்டிவிடுகின்றனர். கௌரி என்னும் பெயருடையாள் இவ்வாறு ஒருமுறை பதியப்பட்டால், யூனிக்கோட் முறையும் அவளை மீட்காது. ஏனெனில் ளகரம் உண்மையில் வேறெழுத்து. யூனிக்கோட் பரவுமுன் நம் நாட்டில் வழங்கிய பாமினி எழுத்துருவிற் சேமித்த பெயர்களோ, உள்ளே ஆங்கில எழுத்துக் கோவைகளாகவே கிடக்கின்றன.

ஊர்ப்பெயரிலும் நிலையப் பெயரிலும் இதனைக் காணலாம். களனி, களனிய, கெலனிய எனப் பலவாறு எழுதப்படும் ஊர் ஒன்றே. பாளி நூல்கள் அதனைக் கல்யாணி என்னும். அப்பகுதியிலுள்ள பல்கலைக்கழகமோ 1875 இற் பேலியகொடையில் வித்தியாலங்காரப் பிரிவெனாவாகத் தோன்றி, 1959 இல் வித்தியாலங்காரப் பல்கலைக்கழகமாகி, 1972 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 1978 இற் களனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்குக் கற்ற பழைய மாணவரின் பட்டியலைத் தொகுப்போன், கற்ற நிலையம் என்னும் கட்டத்தில் எழுதியவற்றை அப்படியே எண்ணினால் நான்கு பல்கலைக்கழகம் காண்பான்.

வெற்றிடத்தின் செய்தி இதனினும் நுண்ணியது. அடையாள எண் இல்லாத ஒருவர் அக்கட்டத்தை வெறுமையாக விட்டால், தரவுத்தளத்தின் பொதுவிதிப்படி அறியாததும் அறியாததும் ஒன்றாகா. எனவே எத்தனை வெற்றிடமும் இருக்கலாம். ஆயின் படிவம் வெறுமையை ஏலாது வற்புறுத்தினால், ஒருவர் 'இல்லை' என்று எழுதி உள்ளே செல்வார். அடுத்து 'இல்லை' என்று எழுதுபவர் 'ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்று திருப்பப்படுவார். அவர்கள் இருவர்க்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆவணம் இல்லாதோரையே இவ்வழு தேடிப் பிடிக்கின்றது.

இருவரை ஒருவரென்று தள்ளுதல் ஒரு பிழை. ஒருவரை இருவரென்று கொள்ளுதல் மற்றொன்று. இரண்டாவதன் சுமை ஏட்டுக்கு மட்டுமன்று. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகித்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்த மலையகத்தார், இந்நாட்டில் இடையறாது வதிந்தமையை நிறுவவேண்டியிருந்தது. தோட்டத்துச் செக்றோலில் ஒரு விதமாகவும் பிறப்பத்தாட்சியில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட ஒரே ஆள், தான் ஒருவனே என்று காட்டமுடியாவிடின், இரண்டு அரைகுறை மனிதராய் நின்று விடுவான். இருவரில் எவனுக்கும் உரிய ஆண்டுகள் நிறையா. தந்தை பெயரை முதலெழுத்தாகக் கொண்டு, ஆங்கிலத்தில் ஒரே பெயரை நான்கு விதமாக எழுதும் நம்மவர்க்கு இவ்விடர் அற்றுப்போனதென்று கூறமுடியாது.

ஒலியொத்த பெயர்களை ஒரே குறிக்குக் கொணரும் சவுண்டெக்சு என்னும் முறைக்கு அமெரிக்காவில் றசெல் என்பவர் 1918 இற் காப்புரிமை பெற்றார். அஃது ஆங்கில ஒலிக்கு அமைந்தது, தமிழ்ப் பெயர்க்கு அரைகுறையாகவே பொருந்தும். 1959 இற் கனடாவில் நியூக்கோம் என்பாரும் உடனுழைத்தோரும் பிறப்பு, விவாகப் பதிவுகளைக் கணினியால் இணைக்கும் முறையை வெளியிட்டனர். அதனை 1969 இல் வெலேகியும் சண்டரும் கணிதமாக வகுத்தனர். இரு பதிவுகள் எவ்வளவு ஒக்கின்றன என்பதற்கு ஒரு நிறை கணித்து, மேலெல்லை ஒன்றும் கீழெல்லை ஒன்றும் குறித்தனர். மேலெல்லைக்கு மேற்பட்டவை ஒருவருடையவை. கீழெல்லைக்குக் கீழ்ப்பட்டவை வெவ்வேறானவை. இரண்டுக்கும் இடைப்பட்டவற்றை எழுதுவினைஞர் ஒருவர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றனர். அவ்விடைப் பகுதியை ஒப்புக்கொண்டமையே அவர் கணிதத்தின் சிறப்பென்பது எமது துணிபு. இன்றைய படிவங்கள் பலவற்றில் அவ்விடைப்பகுதி இல்லை. ஏற்றலும் தள்ளலுமே உண்டு. 'பதிவாகியுள்ளது' என்னும் சொல்லின் கீழே, அதனை மறுத்து விண்ணப்பிக்க ஒரு வழியும் அதனைக் கேட்க ஓர் ஆளும் இருத்தல் வேண்டும். அச்சொல்லும் எவ்விடத்தும் சொல்லத்தக்கதன்று: பிறர் மின்னஞ்சலை ஒரு நோயாளர் பட்டியலின் படிவத்திலிட்டு, 'ஏற்கெனவே உள்ளது' என்னும் விடையைப் பெறுபவன், அறியத்தகாததை அறிந்துகொள்கின்றான்.

தோம்பு எழுதிய காலத்தில் ஊர்த்தலைவரும் குடிகளும் பதிவோர்முன் வரவழைக்கப்பட்டனர். ஐயம் எழுந்தால் அங்கேயே கேட்கலாம். 2016 இல் திரிக்சலரும் கொக்கும் கொழும்புப் பகுதித் தலைத்தோம்புகளைக் கணினியில் ஆராய்ந்து, அக்காலக் குடும்பங்களின் பிள்ளைத்தொகைபற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். இவ்வேடுகளை இன்று இணைத்துப் படிப்போர்முன் ஓரூர்த் தாளில் ஒரு பெரேராவும் அயலூர்த் தாளில் ஒரு பெரேராவும் நிற்கின்றனர். கேட்டறிய ஊரார் இல்லை. குடிப்பெயரும் வயதும் உடன்வாழ்ந்தோர் பெயருமே உண்டு.